அப்பா கண்டுபிடித்த கோட்டை

உங்கள் வீட்டு அல்பத்திலும் அந்த வாசல் இருக்கும். எடுத்துப் பாருங்கள். முன்னால் யாராவது கூறைச்சேலையிலோ, சாமத்தியச் சடங்குச் சோடனையிலோ, பட்டமளிப்பு அங்கியிலோ நிற்பார்கள். பின்னால் வெள்ளைக்கல்லில் ஒரு பெரிய வளைவு. இரண்டு பக்கமும் தூண்கள். கூரை கிடையாது. வாசலுக்குள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் வானம் இருக்கும். கனடாவின் ஸ்காபரோவில் வளர்ந்த எங்கள் வயதுக்காரரில் அந்த ஏரிக்கரைப் பூங்காவில் படம் எடுக்காதவர் யார் இருக்கிறீர்கள்? அப்போது இருபத்துநாலு படம் விழும் பிலிம் றோல் ஒன்றை மூன்று வீட்டுக்காரர் பங்கு போட்டோம். இப்போது எங்கள் பிள்ளைகள் தலைக்குமேல் கமராவைப் பறக்கவிட்டு எடுக்கிறார்கள். வாசல் மட்டும் அதேதான்.

அந்த வாசலை ஒரு கோடை முழுக்க நாங்கள் கோட்டை என்று சொல்லித் திரிந்தோம். பழைய காலத்து ராசா கட்டிய, சண்டையில் பாதி விழுந்துபோன கோட்டை. சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். அதில் எனக்கொன்றும் மனவருத்தம் இல்லை. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. முந்திய பனிக்காலத்தில்தான் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் வந்து சித்தியின் அப்பார்ட்மெண்டில் சேர்ந்திருந்தோம். அம்மாவின் தங்கை சித்தி. எங்களுக்கு இரண்டு வருடம் முந்தி வந்தவர், இங்கே இருப்பதற்கான கடதாசி எல்லாம் சரிவந்தவர், பாண் பேக்கரியில் பின்னேர ஷிஃப்ட். ஒன்பதாவது மாடி, ஒரே ஒரு அறை. அறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும், ஹோலில் விரித்த மெத்தை சித்திக்கும் எனக்கும். தரையில் ஒட்டியிருந்த காப்பற்றில் எங்களுக்கு முன்பு இருந்தவர்களின் சிகரெட் மணம் போகவே இல்லை. அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு மணமும் சேர்ந்து இருந்தது.

அப்பா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மனு எழுதுவிக்க அயலூர்களிலிருந்தெல்லாம் அவரிடம் வருவார்களாம். பென்சன் வராத வாத்தியார், காணிப் பிணக்குக்காரர், மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழுதுகொண்டு வரும் தாய், எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் எழுதின கடிதத்துக்குப் பதில் வராமல் போனதே இல்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வார். இங்கே வந்து ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். வேலை இல்லாத நாட்களில் கூலிவேலைக்கு ஆள் ஏற்றும் ஏஜென்சிக்காரரின் வான் வண்டியில் ஏறி, அவர்கள் கொண்டுபோய் இறக்கிய இடத்தில் சொன்ன வேலையைச் செய்தார். இங்கிலிஷ் போர்ம்களை நான் நிரப்பினேன். அவர் கையெழுத்து மட்டும் போட்டார்.

ஆனால் விளக்கம் சொல்வதை மட்டும் அவர் விடவில்லை. பனி ஏன் சத்தமில்லாமல் விழுகிறது, சப்வே ஏன் ஒருபோதும் முட்டுப்படுவதில்லை, வெள்ளைக்காரர் ஏன் நாயோடு கதைக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. அப்பாவுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தால், அது இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. அவர் வைத்த இன்னொரு சட்டம், வீட்டுக்கு வரும் தமிழ்க் கடிதங்களை நான்தான் உரத்து வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோகுமாம். அம்மாவும் சித்தியும் சுற்றி இருப்பார்கள். நான் செய்தி வாசிப்பவர் மாதிரி நடுவில் நின்று வாசிப்பேன்.

வைகாசியில் ஒருநாள் ஏஜென்சி வான் அப்பாவை ஏரிக்கரைப் பக்கம் புல்லு வெட்டக் கொண்டுபோனது. பின்னேரம் சப்பாத்தெல்லாம் பச்சையாக வீட்டுக்குள் வந்தார். கைகூடக் கழுவவில்லை.

“இஞ்சாரும், இந்த ஊரிலை ஒரு கோட்டை இருக்கு” என்றார் அம்மாவிடம்.

அம்மா சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அப்பா அதைக் காதில் விழுத்தவில்லை. சித்தியின் தையல் சாமான் கிடந்த பிஸ்கற் தகரப்பேணியை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தார். யாரோ நத்தார்ப் பண்டிகைக்குக் கொடுத்த பேணி அது. மூடியில் ஒரு கோட்டைப் படம் இருந்தது. நாலு மூலைக்கும் நாலு கோபுரம், கோபுரத்துக்கு ஒரு கொடி, கீழே அகழியில் இரண்டு அன்னம். அப்பா வாசல் வளைவில் விரலை வைத்து, இது முழுதாக இருந்த காலத்துப் படம் மாதிரி, இப்போது இந்த வாசலும் தூண்களும்தான் மிச்சம் என்றார். நான் அந்த மூடியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் போனோம். இரண்டு பஸ், பிறகு நடை. பஸ்காரர் கிழித்துத் தரும் அந்த மெல்லிய ட்ரான்ஸ்ஃபர் துண்டுகள் ஞாபகம் இருக்கிறதா? நாலையும் அப்பா சட்டைப் பையில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மாவின் மடியில் ஒரு ஐஸ்கிறீம் வாளியில் புட்டு, இன்னொன்றில் கத்தரிக்காய்க் குழம்பு. பஸ் முழுக்கக் குழம்பு மணத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, பசியாகவும் இருந்தது.

மரங்களைத் தாண்டியதும் புல்வெளி திறந்தது. அங்கே அவை நின்றன. எந்தப் பாரத்தையும் தாங்காமல் வரிசையாகத் தூண்கள். ஒரு சிங்கத்தலை புல்லில் மோவாயை வைத்துக்கொண்டு கிடந்தது. மூன்று படி ஏறினால் நாலாவது இல்லை. சுவர்த் துண்டு ஒன்றில் இலையும் பூவும் கொத்தியிருந்தது, பாதிப் பூவோடு சுவர் முடிந்துவிட்டது. நடுவில் அந்தப் பெரிய வாசல். எல்லாவற்றுக்கும் அப்பால் நிலம் வெட்டிவிட்டாற்போல முடிந்து, கிடுகிடு பள்ளத்தில் ஏரி நீலமாகத் தெரிந்தது.

அப்பா எங்களைச் சுற்றிக் காட்டினார். இது கொலுமண்டபம். இது குதிரை கட்டிய இடம். படி ராணி ஏறிய படி. அகழி எங்கே என்று நான் கேட்டேன், மூடியில் அன்னம் இருந்ததே. அப்பா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, ஏரிதான் அகழி என்றார். இவ்வளவு பெரிய அகழி இருந்தும் எப்படித் தோற்றார்கள் என்றேன். உள்ளேயிருந்தே யாரோ காட்டிக்கொடுத்திருப்பார்கள் என்றார். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் கன்னத்தைத் தூணில் வைத்துப் பார்த்தேன். வெயில் எரித்துக்கொண்டிருந்தது, கல்லு குளிர்ந்தது. அந்தக் குளிர் இன்றைக்கும் என் கன்னத்தில் இருக்கிறது.

அம்மா மட்டும் வாசலுக்கு முதுகு காட்டி இருந்துதான் சாப்பாட்டைப் பரிமாறினார். வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார். அந்த நேரத்தில் வெயில் அடித்தது மற்றப் பக்கத்திலிருந்து. ஊரில் எங்கள் வீட்டின் முன்சுவர் மட்டும் நின்றதைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்தவர் அம்மாதான் என்பதையெல்லாம் சேர்த்து யோசிக்க எனக்கு இன்னும் எத்தனையோ வருடம் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு மழையில்லாத ஞாயிறுகளில் கோட்டைதான். எனக்கு அங்கே ஒரு தனி இராச்சியமே இருந்தது. சிங்கத்துக்குப் பல்லு விளக்கினேன். படியில் நின்று தீர்ப்புச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்காத பிள்ளை, அங்கே தொண்டை கட்டுமட்டும் கத்தினேன்.

ஆனி கடைசிக் கிழமை, புதிதாக வந்த பிள்ளைகளுக்கான இங்கிலிஷ் வகுப்பில், உனக்குப் பிடித்த இடத்தை வரை என்றார் ரீச்சர். நான் கோட்டையை வரைந்தேன். விழுந்த கோபுரங்களையும் நானே கட்டிக் கொடுத்து நாலு கொடியும் ஏற்றி, ராசாவைப் பற்றி நாலு வரியும் எழுதினேன். நல்ல ரீச்சர் அவர். வகுப்பில் ஒன்றும் சொல்லாமல், அடுத்த நாள் ஒரு படப்புத்தகம் கொண்டுவந்து என்னைப் பக்கத்தில் இருத்தி மெதுவாகச் சொன்னார். அங்கே ராசா இருந்ததில்லை. அவையெல்லாம் நகரத்திலிருந்த பழைய வங்கிகளும் கட்டடங்களும். உயரமான மாடிகள் கட்டுவதற்காக இடித்தபோது, அழகான துண்டுகளை யாரோ கொண்டுவந்து தோட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் என் வாசல் ஒரு தெருவில், கதவோடு, கூரையோடு நின்றது. தொப்பி போட்டவர்கள் அதற்குள் போய்க்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முதலில் வெட்கம் வந்தது. பிறகு அப்பாமேல் கோபம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பாவிடம் சொல்லும் வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கதவைத் திறந்தால் அப்பா பக்கத்து அப்பார்ட்மெண்ட்காரரை இருத்தி வைத்து, தேத்தண்ணியும் கொடுத்து, கோட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் மினுங்கியது. இந்த நாட்டில் மற்றவர்கள் சொல்லித் தராமல் அவரே கண்டுபிடித்த ஒரே ஒரு விஷயம் அதுதான். நான் புத்தகப்பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். சொல்லவில்லை.

இனித்தான் சித்தியின் கதை.

சித்திக்கு இருபத்தெட்டு. அந்த நாளில் அது பெரிய வயது. ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. தகப்பன் இல்லை, தாய்க்கு ஒரே மகன். சரிவந்தால் சித்தி ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட வேண்டும். அப்பாவும் அம்மாவும் அதை ஏதோ தெரியாத இடத்துச் சம்பந்தம் என்றுதான் நினைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியும். ஒரு சனிக்கிழமை ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சித்தி தானாகவே சொன்னார். ஊரில் ஒரு மழைநாளில் அந்த மாப்பிள்ளை சித்திக்குத் தன் குடையைக் கொடுத்தாராம்.

“ஒரு குடையைத் திருப்பிக் குடுக்க மூண்டு நாள் போனனான்” என்றார் சித்தி. “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

அந்தச் சம்பந்தம் எப்படிச் சரியாக எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியது என்று கேட்காதீர்கள். இரண்டு பேரில் ஒருவர் யாருக்கோ சாடை காட்டியிருக்க வேண்டும். எது எப்படியோ, முடிவு தாயின் கையில் இருந்தது. தாய் மணப்பொம்பிளையின் புதுப் படம் ஒன்று கேட்டிருந்தார்.

அந்தக் காலத்துப் பொம்பிளைப் படங்கள் உங்களுக்குத் தெரியும். யாருடையதோ காரில் கையை வைத்துக்கொண்டு நிற்போம். கார் எங்களுடையது என்று எழுதமாட்டோம், இல்லை என்றும் எழுதமாட்டோம். எங்கள் கட்டடத்தில் இருந்த கமராக்கார அண்ணை, சடங்குகளுக்கெல்லாம் படம் பிடிப்பவர், தன்னுடைய சிவப்புக் காரைக் கழுவி வைத்துவிட்டு வந்து கூப்பிட்டார். அப்பா மாட்டேன் என்றார். காரோடு எல்லாரும்தான் நிற்கிறார்கள், எங்கள் பிள்ளை கோட்டை வாசலில் நிற்கட்டும் என்றார். கமராக்கார அண்ணை எங்களோடு பூங்காவுக்கு வந்து வாசலைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

“அண்ணை, பின்னாலை எல்லாம் உடைஞ்சு கிடக்கு. படத்துக்கு வடிவில்லை.”

“தம்பி, உடையாமல் இருந்தா அதுக்குப் பேர் ஹோட்டல்” என்றார் அப்பா.

சித்தி மயில்கழுத்து நிறச் சேலையில் வளைவுக்குக் கீழே போய் நின்றார். ஏரிக்காற்று தலைப்பை இழுத்தது. நான் ஓடிப்போய் ஊசி குத்திவிட்டேன். சித்தி என் பக்கம் குனிந்தார். வடிவாக இருக்கிறேனா என்று காதுக்குள் கேட்டார். இது கோட்டை இல்லை சித்தி, உடைச்ச வங்கி என்ற வசனம் என் நாக்கு நுனியில் நின்றது. வடிவு என்றேன். பொய்யில்லை, அவ்வளவு வடிவாக நான் சித்தியைப் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை.

படம் கழுவி வந்ததும் அம்மா அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். “வாசலுக்குள்ளாலை வானம் தெரியுது” என்று மட்டும் சொன்னார். அதுதான் வடிவு என்றார் அப்பா. படத்தின் பின்பக்கத்தில் ‘கனடா தேசத்துப் பழைய கோட்டை வாசலில்’ என்று தன் மணிமணியான எழுத்தில் எழுதி அனுப்பினார். ஆடியும் ஆவணியும் போயின. ஞாயிறுகளில் கோட்டைக்குப் போனோம். சித்தி புல்லில் படுத்துக்கொண்டு, அவர் வந்தால் முதலில் குளிர்ச் சட்டை வாங்க வேண்டும், அவருக்குச் சளி பிடிக்கும் உடம்பு என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

பதில் புரட்டாதியில் வந்தது. நான் நடுவில் நின்று வாசித்தேன். அந்தக் கடிதத்தை இன்றைக்கும் பார்க்காமல் சொல்வேன்.

‘படம் கிடைத்தது. பிள்ளை நல்ல லட்சணம். ஆனால் பின்னால் நிற்கிற வீட்டைக் கண்ட நாள் முதல் எனக்கு நித்திரை இல்லை. எங்கள் ஒழுங்கையிலும் குண்டு விழுந்து மூன்று வீட்டுக்கு இப்படி வாசல் மட்டும்தான் நிற்கிறது. கனடாவிலும் பிரச்சினை என்று ஒருவரும் எங்களுக்கு எழுதவில்லை. மறைக்கத்தான் கோட்டை என்று எழுதினீர்களோ தெரியாது. இருக்கிற ஒரே பிள்ளையை இதற்குள்ளிருந்து எடுத்து அதற்குள் கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை. குறை நினைக்க வேண்டாம்.’

முதலில் அப்பா சிரித்தார். பாவம் மனிசி, பயந்துவிட்டது, ஒரு கடிதம் எழுதினால் சரி என்றார். பிறகு சித்தியைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். அம்மா என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்தார். சித்தி எழும்பி வேலைக்கு வெளிக்கிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அப்பா தன் சின்ன அகராதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக எங்கேயோ போனார். சப்பாத்து நனைந்து திரும்பி வந்தார். மூன்று நாள், வேலையால் வந்ததும் வந்தபடி, குசினி மேசையில் இருந்து எழுதினார். எழுதிக் கிழித்தார். பிறகும் எழுதினார். உறையை ஒட்டி, முத்திரையும் ஒட்டி, பஸ் நிற்கும் இடத்துத் தபால்பெட்டியில் போடும்படி சித்தியிடம் கொடுத்தார்.

“இதோடை எல்லாம் சரிவரும் பிள்ளை” என்றார்.

பிறகு காத்திருந்தோம். அப்பா வேலைக்குப் போக முன்பு ஒருதரம், வந்த பின்பு ஒருதரம் கீழே லொபியிலிருந்த எங்கள் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தார். ஊரில் சண்டை, தபால் ஒழுங்கில்லை என்றார். கடிதம் கொழும்பில் கிடந்து சுணங்கும் என்றார். முதல் பனி விழுந்த பிறகு அப்படிச் சொல்வதையும் நிறுத்தினார். அவர் எழுதிப் பதில் வராமல் போன ஒரே கடிதம் அது.

அதோடு அப்பா மாறிப்போனார். கோட்டை என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை. ஞாயிறுகளில் பூங்காவுக்குப் போவதும் நின்றது. ஏரி ஏன் ஓரத்தில் மட்டும் உறைகிறது என்று ஒருநாள் கேட்டேன். முந்திய அப்பா என்றால் அதற்கு ஒரு மணித்தியாலம் எடுத்திருப்பார்.

“எனக்கென்ன தெரியும். அம்மாவைக் கேள்.”

அதையேதான் பிறகு எல்லாவற்றுக்கும் சொன்னார். எந்தப் பல்கலைக்கழகம், எந்த வீடு, எந்த மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் அம்மாவைக் கேள். ஊருக்குக் கடிதம் எழுதும் வேலைகூட அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. பிழைவிட்டவள் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனியில் வாயைத் திறந்து, அப்பா, அது கோட்டை இல்லை என்று சொல்லியிருந்தால் சித்தி சிவப்புக் காரோடு நின்றிருப்பார். மாப்பிள்ளை வந்திருப்பார். அப்பா அப்பாவாகவே இருந்திருப்பார். இதை நான் என் மனுசனுக்குக்கூடச் சொன்னதில்லை.

நாலு வருடம் கழித்துச் சித்தி கலியாணம் முடித்தார். சித்தப்பா பஸ் திருத்துகிறவர், நல்ல மனிதர், சித்தியைச் சிரிக்க வைப்பார். மார்க்கம் நகரில் வீடு, இரண்டு பிள்ளைகள். அப்பா மூன்று பனிக்காலத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார். கடைசியில் டொக்டர் ஏதோ கேட்டதற்கும் அம்மாவைக் கைகாட்டினார்.

போன ஆவணியில் சித்தியின் இளைய மகளுக்குக் கலியாணம். படம் எடுக்க எங்கே வந்தார்கள் என்று சொல்லவே தேவையில்லை. பிள்ளைகள் வளைவுக்குக் கீழே நின்று இங்கிலிஷில் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைப் பெடியன் பொம்பிளையைத் தூக்கப் போய்ச் சேலையில் மிதித்தான். நானும் சித்தியும் மடக்குக் கதிரை போட்டு மர நிழலில் இருந்தோம். நான் என் கதிரையை வாசல் நேரே தெரியாத பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.

சித்தி துணிப்பையிலிருந்து அந்த பிஸ்கற் பேணியை எடுத்தார். ஒரு கோபுரமும் ஒரு அன்னமும் உரிந்துபோய் இருந்தன. இன்னும் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மூடியைத் திறந்து, பொத்தான்களுக்கும் நூல்கட்டைகளுக்கும் அடியிலிருந்து ஒரு வான்தபால் உறையை எடுத்து என் மடியில் வைத்தார். அப்பாவின் எழுத்து. முத்திரையில் தபால்கந்தோர் அடித்த அடையாளம் இல்லை.

“நீங்கள் இதைப் போடேல்லையோ?”

“இல்லை” என்றார் சித்தி.

பிறகு சொன்னார். தாயின் கடிதம் வந்த அதே கிழமை, சித்தியோடு பேக்கரியில் வேலைசெய்த அக்காவின் விலாசத்துக்கு, குடை கொடுத்தவரும் தனியாகச் சித்திக்கு நாலு வரி எழுதியிருந்தாராம். தன் அம்மாவின் பயம் உண்மைதான், ஆனால் அந்தப் பயம் இல்லாவிட்டாலும் அம்மாவை இதற்குள் தனியே விட்டுவிட்டுத் தன்னால் வர ஏலாது. அம்மா போ என்று சொன்னால் தனக்கு மறுக்கத் தெரியாது. ஆகையால் இது இந்தப் படத்தோடேயே நிற்கட்டும், மன்னிக்கவும் என்று இருந்ததாம்.

“தபால்பெட்டிக்கு முன்னாலை நிண்டு அத்தான்ரை கடிதத்தை உடைச்சு வாசிச்சனான்” என்றார் சித்தி. அப்பா அவருக்கு அத்தான். “வாசிச்சபடியாலைதான் போடேல்லை. இதை வாசிச்சா எந்தத் தாயும் மகனை அனுப்புவா. வரமாட்டன் எண்ட மனிசனைத் தாயைக்கொண்டு தள்ளுவிச்சு, அவரோடை நான் எப்பிடி இருக்கிறது?”

அவர் இப்போது எங்கே என்று கேட்டேன். வவுனியாவில் இருக்கிறாராம். தாயைத் தொண்ணூறு வயதுமட்டும் வைத்துப் பார்த்தாராம்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. அப்பா எத்தனை நாள் அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார் தெரியுமா என்று கேட்டேன். சித்தி பிள்ளைகள் பக்கம் பார்த்தபடியே இருந்தார்.

“தெரியும். சொல்லுவம் சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். சொன்னா, அவர் என்னை வேண்டாமெண்டது எல்லாருக்கும் தெரியவரும். வெக்கமாயிருந்தது. பழியைக் கோட்டை தாங்கும் எண்டு நினைச்சன் பிள்ளை. அத்தான் தாங்குவாரோ எண்டு யோசிக்கேல்லை.”

சொல்லிவிட்டு மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. நான் கடிதத்தைப் பிரித்தேன். மூன்று பக்கம், ஒரு வெட்டுக்கொத்து இல்லை. பாதிக்குப் பிறகு இப்படி இருந்தது.

‘தாங்கள் பயந்ததில் பிழையில்லை. பிழை என்னுடையது. எந்த ராசா கட்டினது என்று பெயரும் சேர்த்து எழுதினால் தங்களுக்கு நம்பிக்கை வரும் என்று நினைத்து, அகராதியோடு அங்கே போனேன். அங்கிருந்த பலகையை வாசித்தபோதுதான் தெரிந்தது, இங்கே ராசாவும் இருக்கவில்லை, கோட்டையும் இருக்கவில்லை. நகரத்தில் பழைய கட்டடங்களை இடித்தபோது, நல்ல கல்வேலைகளைக் குப்பையில் போட மனம் வராமல் இங்கே கொண்டுவந்து நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். குண்டு விழுந்து உடைந்தது அல்ல. இந்த ஊரில் இடிந்த வாசலுக்கும் இடம் கொடுத்து, அதைச் சுற்றிப் புல்லு வெட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் புல்லை நானும் ஒருநாள் வெட்டியிருக்கிறேன். ஒரு கல்லை இப்படிப் பார்க்கிறவர்கள் தங்கள் பிள்ளையையும் பார்ப்பார்கள். பயப்படாமல் அனுப்புங்கள்.

ஒரு வேண்டுகோள். பதில் எழுதும்போது இதைப்பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிப்பது என் மகள். அவள் இன்னும் அதைக் கோட்டை என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறாள். இங்கே வந்து சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது அங்கே மட்டும்தான்.’

இரண்டாம் தரம் வாசிக்க எழுத்துத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வாசலில் யாரோ எங்களையும் படத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். சித்தி கதிரைக் கையைப் பிடித்து மெதுவாக எழும்பினார்.

“நீ உண்மையிலை நம்பினனியோ பிள்ளை?” என்று கேட்டார்.

“ஓம் சித்தி” என்றேன். “கடைசிமட்டும் நம்பினனான்.”